பேரும் அரைப்பேரும்

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குப் புகழ் என்பது பொருளன்று. கொழுந்து மடுவத்துத் தராசு தோட்டம் விதித்த 18 கிலோவையோ 20 கிலோவையோ காட்டினால் அன்று முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்றோலில் விழும் அந்தப் பேர்தான் மாத முடிவில் அரிசியாகிறது. இம்மக்களின் வழித்தோன்றல் ஒருவர் உலகமெங்கும் பேர் பெற்றிருக்கிறார். அந்தப் பேரில் இவர்களுக்குப் பங்குண்டா என்பதே நமது வினா.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920-ல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்; பின்னாளில் திருச்சிக்கே திரும்பியவர். பேரன் 1992-ல் இலங்கை அணியில் இடம்பெற்றார். 1995-ல் மெல்பேர்ணில் நடுவர் ஒருவர் அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்றார். பிறப்பிலேயே முழுதும் நீளாத அந்த முழங்கையை ஆய்வுகூடங்கள் அளந்தன. பின்னர் ஏனையோரையும் அளந்தபோது, குற்றமற்றவரெனக் கருதப்பட்டோரின் முழங்கைகளும் வளைந்து நிமிர்வது தெரிந்தது. 2005-ல் எல்லோருக்குமாக 15 பாகை என்று விதியே மாறியது. 2010 ஜூலை 22 அன்று காலியில், டெஸ்டில் தாம் வீசிய கடைசிப் பந்தில், அவர் 800-ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். கொழுந்து கிள்ளும் விரல்களின் வாரிசு அந்தச் சுழல் என்று பாடுவோர் உண்டு. எனக்கு இந்த அலங்காரம் உவப்பானதன்று. கிள்ளுகிறவளின் விரலுக்கு அதனால் ஒரு சதமும் கூடவில்லை.

இந்தப் புகழை வாதமாக்குவோரும் உளர். "முரளி எழவில்லையா? திறமையிருந்தால் யார் தடுப்பார்?" என்பர். அவர் எழுந்த ஏணியைப் பார்க்க வேண்டும். தந்தையாருக்குக் கண்டியில் இனிப்புப் பண்டத் தொழில் இருந்தது. மகனுக்குப் புனித அந்தோனியார் கல்லூரியும், அதன் மைதானமும், வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறு என்று பதினான்கு வயதில் சொல்ல ஒரு பயிற்சியாளரும் கிடைத்தனர். இவற்றுள் எது லயத்தில் உண்டு? மேலும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை எஞ்சியோருக்குக் கிட்டியது 2003-ல்தான். அவர் இலங்கைக்காக ஆடிய முதற் பதினோராண்டுகளும் மலைநாட்டில் நாடற்றவர் இருந்தனர். 1996-ல் உலகக் கிண்ணம் நாட்டுக்கு வந்தது. நாடு அவர்களிடம் வரவில்லை.

புகழ் எங்குமே எண்ணுவதில் பிழை விடும். இத்தாலியின் அப்பாஞாலே சகோதரர் இருவர் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் படகோட்டித் தங்கம் வென்றனர். அப்படகில் இருந்தவர் மூவர். சுக்கான் பிடித்த டி கப்புவாவின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு நிகழ்கிறது. முரளியின் வாழ்க்கைப் படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்புக் கிளம்பியதால் 2020-ல் விலகினார். படம் வேறொருவர் நடிக்க 2023-ல் வந்தது. முரளி கூறிய அரசியற் கருத்துகளை எதிர்க்க எவருக்கும் உரிமையுண்டு. அவற்றுட் சிலவற்றை நானும் ஏற்பவனல்லன். ஆயினும் ஓர் ஆட்டக்காரர் தம் மக்களின் பிரதிநிதியாகவில்லை என்று சினப்போர், தேர்தல்தோறும் அம்மக்களின் வாக்கைப் பெற்றுப் பிரதிநிதிகளானவர்மீது அதே சினத்தைக் காட்டுகிறார்களா? ஆட்டக்காரர் வாக்குக் கேட்கவில்லை, சந்தாவும் வாங்கவில்லை. கூலி உயர்வுக்குப் பேச்சு நடத்தும் பொறுப்பு, சந்தா வாங்கிய சங்கங்களுடையது. நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கை, ஆண்டுகள் பல இழுபட்டு, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. அதன்பிறகும் பல தோட்டங்களில், விதித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தவளுக்கு விழுந்தது அரைப்பேர்தான்.