யார் பக்கத்திலிருந்து வந்தது?

மரபணு ஆலோசனைக்குப் போனால், மருத்துவர் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குடும்பத்தை வரையத் தொடங்குவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்குள் கறுப்பு. கணவனும் மனைவியும் சொந்தம் என்றால் நடுவே இரட்டைக் கோடு. நம் ஊர்க் குடும்பங்களை வரைய ஆரம்பித்தால் தாள் சீக்கிரமே சிக்கலாகிவிடும். தாய்மாமனுக்குப் பெண் கொடுத்த வீடுகளில் கோடு ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குச் சரிந்து ஓடும். வரைந்து முடிப்பதற்குள் கூட வந்த பெரியவர் யாராவது கேட்டுவிடுவார்: "இது யார் பக்கத்துலேர்ந்து வந்தது டாக்டர்?"

அறிவியல் கேள்விதான். ஆனால் கேட்கும்போது கண் மருமகள் மேல் இருக்கும்.

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத நோய் இது. பிள்ளைக்கு இரண்டு வயது ஆவதற்குள் முகம் வெளுக்கும்; பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகின்றன. ஒன்று மட்டும் பழுது என்றால் பெரிய தொந்தரவு எதுவும் இருக்காது. அதைச் சுமப்பவர் தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடலாம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் நோய். ஆக, இரண்டு பக்கமும் சரிபாதி. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பதில் யாருக்கும் பயன்படுவதில்லை. அடுத்த டாக்டரைத் தேடிப் போவார்கள்.

"எங்க வம்சத்துல யாருக்குமே இல்லையே" என்பது அடுத்தது. ஒளிந்து வருவதுதான் இவ்வகை நோயின் இயல்பே. "மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி மூணு நல்லாப் பிறக்கும்ல?" என்றும் கேட்பார்கள். இருவரும் சுமப்பவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று; ஆனால் அது வரிசை முறை அல்ல. ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. கிரகணத்தன்று வெளியே போனதற்கும் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு என்பதாலும் எதுவும் வராது.

சொந்தத்தில் கட்டுவதற்கு வருவோம். 1902-இல் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற லண்டன் மருத்துவர், சிறுநீர் கறுத்துப்போகும் ஒரு அபூர்வ நோயைப் பற்றி எழுதும்போது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அது நூற்றாண்டு கடந்த செய்தி. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை.

நாம் முறை பார்ப்பதில் கறாரானவர்கள். மாமன் மகள் முறைப்பெண். சித்தி மகள் தங்கை, நினைத்தாலே பாவம். இருவரும் நம்மோடு பகிரும் மரபணுப் பங்கு என்னவோ ஒன்றேதான், எட்டில் ஒன்று. அக்கா மகளிடம் அது நாலில் ஒன்று. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தாய்மாமன் உறவைத் தடுக்கப்பட்ட பட்டியலில் வைத்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்று வழியும் விட்டிருக்கிறது. மரபணுவுக்கு அப்படி விதிவிலக்குத் தரத் தெரியாது.

"எங்க தாத்தா பாட்டி சொந்தம்தான், எட்டுப் பிள்ளையும் நல்லாத்தான் இருக்காங்க" என்பதும் பொய்யல்ல. எந்தத் தம்பதிக்கும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்றில் பெரிய குறைபாடு வரலாம். மாமன் மகளைக் கட்டியவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் அந்த எட்டைச் சொல்பவர்கள், பேர் வைப்பதற்குள் போய்விட்டவற்றை எண்ணுவதில்லை.

எந்தப் பக்கமும் இல்லாத நோய்களும் உண்டு. டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை பாரிஸில் 1959-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை. கருமுட்டை உருவாகும்போது நேரும் பிசகு. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும், இது எல்லோருக்கும் தெரியும். கை கால் குட்டையாகும் அகாண்ட்ரோபிளேசியாவில் ஐந்தில் நான்கு பேருக்கு அது புதிதாக நேர்ந்த மாற்றம். அநேகமாக எல்லாமே தகப்பனின் விந்தணுவில் நேர்ந்தவை, அவர் வயதோடு கூடுபவை. தகப்பன் வயதை மட்டும் எந்த வீட்டிலும் யாரும் விசாரிப்பதில்லை.

எனக்கு உறுத்துவது நோயுற்ற பிள்ளையின் அக்காவின் நிலை. வெளியில் சம்பந்தம் பேசினால் தம்பியைப் பற்றிக் கேட்பார்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே முடிக்கப் பார்க்கிறார்கள்: "தாய்மாமன் இருக்கான், எல்லாம் தெரிஞ்சவன், எதுவும் கேட்க மாட்டான்." தலசீமியா உள்ள தம்பியின் அக்காவுக்கு, அவள் நலமாக இருந்தாலும், பழுதான பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அம்மா சுமப்பவர் என்பதால் மாமனுக்கு இரண்டில் ஒன்று. பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒன்று. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. நூற்றுக்கு நாலு பேர் சுமக்கும் ஓர் அந்நியக் குடும்பத்தில் அவளைக் கொடுத்தால் நூற்றைம்பதில் ஒன்று. கேள்வி வராத இடம் என்று தேடிப்பிடித்த வீட்டில்தான் ஆபத்து பன்னிரண்டு மடங்குக்கு மேல். இருவருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்தால் அநேகமாகத் தெரிந்துவிடும். அதற்கு மாமனிடமும் கொஞ்சம் ரத்தம் கேட்க வேண்டியிருக்கும்.