காந்தியின் கண்ணாடியும் நான்கு மில்லிமீட்டரும்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் கிராஃபிக் டிசைன் படிக்கப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்க முடியாத கற்பனை இல்லை. வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே இருக்கும் ஊர் அது. பல வீடுகளில் சம்பாத்தியம் வளைகுடாவிலிருந்து வருகிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள். அவளுடைய ஆசிரியர் ஒரு புராஜெக்ட் கொடுக்கிறார்: இந்தியாவுக்குப் புதிதாக ஒரு வரிசை ரூபாய் நோட்டு வரைந்து வா.

அவள் வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொன்னால் வாப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். டீக்கடையில் கேட்கப்போவதும் அதுவேதான். யார் படம் போடப்போறே?

இந்தக் கேள்வியில்தான் நம் புத்தி மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

இந்தியப் பணத்துக்கு ஒரு டிசைன் மாணவர் கைவைத்த கதை நிஜமாகவே இருக்கிறது. அதுவும் தூரத்தில் இல்லை, வடக்கே கள்ளக்குறிச்சியில் தொடங்குகிறது. ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு 2009இல் போட்டி அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் வரைந்து அனுப்பினார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த உதயகுமார் வரைந்த குறியீட்டை 2010 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம். அதில் தலைவர் இல்லை, சாமி இல்லை, கோபுரம் இல்லை. நாகரி எழுத்து பாதி, ரோமன் எழுத்து பாதி, மேலே இரண்டு கோடு, அவ்வளவுதான். அதற்கே 2025 மார்ச்சில் சண்டை வந்தது. தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் அதற்குப் பதில் ‘ரூ’ வந்ததும் டெல்லிக்கும் சென்னைக்கும் வாய்த்தகராறு. ஒரு கோட்டுக்கே இந்தப் பாடு என்றால் முகத்துக்கு என்ன ஆகும்?

முகத்தின் கதையைப் பார்ப்போம். சுதந்திரம் வந்ததும் நோட்டிலிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரை எடுத்துவிட்டு காந்தியைப் போடலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். டிசைன்கூடத் தயாரானது. கடைசியில் மனம் மாறி, 1949இல் ஒரு ரூபாய் நோட்டில் சாரநாத் சிங்கங்களை வைத்தார்கள். காந்தி நோட்டுக்கு வந்தது 1969இல், நூற்றாண்டுக்காக, சேவாகிராமத்தின் முன்னால் உட்கார்ந்தபடி. 1987இல் ஐந்நூறு ரூபாயில் வந்தார். 1996இல் தொடங்கிய வரிசையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். இன்று நாம் பார்க்கும் அந்தச் சிரிப்பு 1946இல் எடுத்த ஒரு போட்டோவிலிருந்து வெட்டியெடுத்தது. பக்கத்தில் இருந்தவர் பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக் லாரன்ஸ். அவரை வெட்டிவிட்டோம், சிரிப்பை வைத்துக்கொண்டோம்.

அந்தச் சிரிப்பு யாரை என்ன செய்தது? எந்தப் பட்டா மாறுதலுக்கும் அவர் மேஜைக்கு அடியில்தான் போகிறார். இடையில் நாலு முழத் துண்டு கட்டிய மனிதரைப் பட்டுச்சேலை மடிப்பில் வைத்துச் சீர்வரிசைத் தட்டில் நீட்டுகிறோம். மதுவிலக்குக்காக மறியல் செய்யச் சொன்னவரை டாஸ்மாக் கம்பிக்குள் கசக்கித் திணிக்கிறோம். படம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் என்றால் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் அச்சடிக்கப்பட்ட பாடப்புத்தகங்களில் ஒன்று நம் கையில் இருக்கிறது. தேர்வு முடிவு எப்படி என்று ஏதாவது ஒரு பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அரைமணி நேரம் நின்றால் தெரிந்துபோகும்.

காந்தி படம் உருப்படியாக வேலை செய்த நோட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு மதிப்பு பூஜ்ஜியம். 2007இல் சென்னையில் விஜய் ஆனந்த் தொடங்கிய ‘ஃபிஃப்த் பில்லர்’ அமைப்பு, பூஜ்ஜியம் ரூபாய் நோட்டை அச்சடித்து மக்களிடம் கொடுத்தது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஒரு இந்தியரின் யோசனை அது. ஐம்பது ரூபாய் நோட்டின் சாயலில், லஞ்சம் வாங்கவும் கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழியோடு இருக்கும். லஞ்சம் கேட்பவரிடம் அதை நீட்ட வேண்டும். சிலர் வெட்கப்பட்டுக் காரியத்தை முடித்துக் கொடுத்ததாக அந்த அமைப்பினர் சொன்னார்கள். ஒன்றும் வாங்க முடியாத தாளில் மட்டும்தான் காந்திக்கு மரியாதை என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. (மாணவிக்கு ஓர் எச்சரிக்கை: நோட்டைப் போலவே ஏமாற்றும் சாயலில் அச்சடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 182ஆம் பிரிவில் 300 ரூபாய் வரை அபராதம். அசல் நோட்டில்தான் கட்ட வேண்டும்.)

காந்தி போதாது, சாமியே வரட்டும் என்பவர்கள் அடுத்து வருகிறார்கள். 2022 அக்டோபரில் டெல்லி முதல்வராக இருந்த கெஜ்ரிவால், நோட்டில் லட்சுமி, பிள்ளையார் படம் போட்டால் பொருளாதாரத்துக்கு ஆசி கிடைக்கும் என்றார். ஐ.ஐ.டி.யில் படித்தவர்! முஸ்லிம்கள் நிறைந்த இந்தோனேசியாவிலேயே நோட்டில் பிள்ளையார் இருக்கிறாரே என்று உதாரணமும் காட்டினார். இருந்தது உண்மை, 1998இல் வந்த இருபதாயிரம் ரூபியா நோட்டில். அது வந்த ஆண்டில்தான் அந்த நாட்டுப் பணம் சரிந்து, விலைவாசி ஏறி, கலவரம் வெடித்து, சுகார்த்தோ பதவி விலகினார். விக்னம் தீர்க்கிறவர் அங்கே கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறார் போலும். பிறகு அந்த நோட்டையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நோட்டில் நடக்காதது காசில் நடந்துவிட்டது. வைஷ்ணோ தேவி படத்தோடு ஐந்து, பத்து ரூபாய்க் காசுகள் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் ஆயிரம் ரூபாய்க் காசே வெளியிட்டார்கள். இவற்றைத் திரும்பப் பெறச் சொன்ன வழக்கை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சிரிக்கிற நம்மவர்களையும் விடமாட்டேன். 2009இல் அண்ணா படத்தோடு ஐந்து ரூபாய்க் காசு வந்தபோது, அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து நாம் பூரித்துப்போகவில்லையா? 2024இல் கலைஞருக்கு நூறு ரூபாய் நினைவுக் காசு வந்ததே, அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்த வீடுகள் இல்லாமலா இருக்கும்? நாளைக்கு ஒருவர் பெரியார் படத்தை நோட்டில் போடச் சொல்லி மனு கொடுத்தால் முதல் ஆட்சேபணை என்னுடையதாக இருக்கும். அம்பேத்கருக்கும் அதேதான். 1923இல் ‘ரூபாயின் பிரச்சினை’ என்று ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிய மனிதர் அவர். படிக்க வேண்டியவரை மடித்துப் பர்ஸில் வைப்பது மரியாதை ஆகாது.

முகம் எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்குத் தமிழர்களுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். போர் முடிந்த 2009இல் இலங்கை மத்திய வங்கி ஒரு ஆயிரம் ரூபாய் நினைவு நோட்டு வெளியிட்டது. முன்பக்கம் கையை உயர்த்தி நிற்கும் மகிந்த ராஜபக்ச. பின்பக்கம் கொடி ஏற்றும் படையினர். அது ஷோகேஸில் வைக்கிற தாள் அல்ல, புழக்கத்துக்கு வந்தது. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், கிளிநொச்சிக் கடையில் அரிசி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையாக அந்த நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது சட்டப்படி செல்லும் பணம். போஸ்டரைக் கிழிக்கலாம், சிலைக்கு முதுகைக் காட்டிப் போகலாம். பணத்தை மட்டும் தினமும் கைநீட்டி வாங்கியாக வேண்டும். அதனால்தான் அதில் ஏற வேண்டுமென்று எல்லாருக்கும் இவ்வளவு ஆசை.

கென்யாக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆட்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் முகத்தை அச்சடித்துப் பார்த்த பிறகு, 2010 அரசமைப்புச் சட்டத்தில் 231ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள்: நோட்டிலும் காசிலும் எந்தத் தனிமனிதர் உருவமும் கூடாது. 2019இல் புது நோட்டு வந்தது, நைரோபியில் ஒரு கட்டடத்தின் படத்தோடு. அந்தக் கட்டடத்தின் முன்னால் ஜோமோ கென்யாட்டாவின் சிலை! கட்டடத்தைத்தான் வரைந்தோம், சிலை தானாக விழுந்துவிட்டது என்பதுபோல் அரசு நின்றது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள்.

லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணுக்கு இந்த விவாதம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். உருவம் கூடாது என்று சொல்லும் மார்க்கத்தார் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் சவூதி ரியாலில் மன்னர் படம் இருக்கிறது. கத்தார் ரியாலில் ஆள் முகமே கிடையாது. இரண்டையும் மாற்றப்போனால் ரேட்டை மட்டும்தான் கேட்போம். உமையாக் கலீபா அப்துல் மலிக் முதலில் தன் உருவத்தோடு காசு அடித்தார். பிறகு கி.பி. 696-97 வாக்கில் உருவத்தை நீக்கி எழுத்து மட்டுமுள்ள தீனாரை வெளியிட்டார். டிசைன் வரலாற்றில் அது பெரிய காரியம், நான் மதிக்கிறேன். ஆனால் காசிலிருந்து உருவம் போனதால் கையிலிருந்து பேராசை போய்விட்டதா? மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு வரதட்சணை எண்ணி வாங்கும் மாப்பிள்ளை வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே கைமாறும் தாளில் என்ன படம் இருந்தால் என்ன?

சரி, முகம் வேண்டாம், நம்ம ஊர்ப் பெருமையைப் போடலாமே என்று அவள் நினைக்கலாம். அவளுடைய பெரம்பலூர் மாவட்டத்திலேயே சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு, நீளம் 18 மீட்டர். காரை பக்கம் செம்மண் ஓடைகளில் அம்மோனைட் கிடைக்கிறது, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கடல் உயிரியின் புதைபடிவம். இங்கே கடல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சாதி தோன்றுமுன், மொழி தோன்றுமுன், சாமியைக் கும்பிட மனிதன் தோன்றுமுன் வாழ்ந்தது. யாருக்கும் மனம் புண்படாத படம் என்றுதானே தோன்றுகிறது? நேபாளத்தில் கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் அதே அம்மோனைட் கல்லுக்கு வேறொரு பெயர் உண்டு: சாளக்கிராமம். பூஜையறையில் அது பெருமாள். ஆக, நோட்டில் அம்மோனைட் வந்த மறுநாள் ஒரு கூட்டம் பாலாபிஷேகத்துக்கும் இன்னொரு கூட்டம் நீதிமன்றத்துக்கும் கிளம்பும்.

ஐரோப்பாவில் யூரோ நோட்டு வரைந்த ஆஸ்திரியக்காரர் ராபர்ட் கலினா இந்தச் சங்கடத்தை வேறு மாதிரி சமாளித்தார். எந்த நாட்டிலும் இல்லாத பாலங்களை வரைந்தார். நெதர்லாந்தில் ஸ்பைகெனிஸே என்ற ஊர், அந்த ஏழு பாலங்களையும் நிஜமாகவே கட்டி, இப்போது எங்கள் ஊர்ப் பாலம் என்கிறது.

ஆகவே அந்தப் பெண்ணிடம் நான் சொல்வது: படத்தை மூடி வை. ஸ்கேலை எடு.

ஒரு இருநூறு ரூபாய் நோட்டையும் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வை. இரண்டும் 66 மில்லிமீட்டர் உயரம். ஒன்று 146 மில்லிமீட்டர் நீளம், மற்றது 150. வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் நீளம்கூட வராது. நூறு ரூபாய்க்கும் இருநூறுக்கும் இடையிலும் அதே நான்குதான். 2016க்கு முந்தைய வரிசையில் ஐம்பது ரூபாய் 147, நூறு 157, ஐந்நூறு 167. ஒவ்வொரு படிக்கும் பத்து மில்லிமீட்டர். பார்வையற்றவர்கள் அந்தப் பத்து மில்லிமீட்டரை நம்பித்தான் விரல்களுக்கு நடுவே நோட்டை வைத்து அளந்து, ஆளுக்கொரு விதமாக மடித்து, தொழில் செய்துகொண்டிருந்தார்கள். ரயிலில் கடலைமிட்டாய் விற்றார்கள், பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்றார்கள். புது வரிசை அந்த அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டது.

ஓரத்தில் சாய்ந்த கோடுகள் இருக்கின்றனவே என்பார்கள். நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து, இருநூறுக்கு நான்கு கோட்டோடு இரண்டு வட்டம். புதுத்தாளில் தடவினால் தெரியும். மீன்கடை ஈரம் பட்டு, கண்டக்டர் பையில் கசங்கி வந்த நோட்டில் தடவிப் பாருங்கள். விவகாரம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020இல் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. நோட்டை கேமராவுக்குக் காட்டினால் போன் சொல்லும். பத்து ரூபாய் ஊதுபத்திக்கு ஒரு கையில் சரக்கு, ஒரு கையில் நோட்டு, போனைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே?

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பணம் எவ்வளவு என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு பார்வையற்ற சிறுவன் கிளப்பிய இயக்கத்தால், 2016 முதல் அங்கே நோட்டில் தொட்டால் தெரியும் புள்ளிகள் வந்தன. அமெரிக்காவில் எல்லா நோட்டும் ஒரே அளவில் இருப்பது பார்வையற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. நம் நாட்டில் நோட்டில் யார் படம் என்று தொலைக்காட்சியில் எத்தனை இரவு கத்தியிருக்கிறோம்! நான்கு மில்லிமீட்டருக்காக ஒரு விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை.

ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூக்குக்கண்ணாடி தெரியும். தூய்மை இந்தியா இலச்சினை, காந்தியின் கண்ணாடி. முன்பக்கம் முகம், பின்பக்கம் அந்த முகத்தின் கண்ணாடி. கண்ணாடி போட்டாலும் தெரியாதவர்களுக்கு அந்தத் தாளில் இடம் ஒதுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் இடநெருக்கடி.

நோட்டின் வடிவத்தை ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்க, மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும். 1934ஆம் ஆண்டுச் சட்டம், 25ஆம் பிரிவு. 2023 மே மாதம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். என்றைக்காவது அடுத்த வரிசை வரத்தான் போகிறது. அன்றைக்கு அந்தக் குழுவின் மேஜையில் நம் மாணவியின் தாள்கள் கிடக்கட்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் பத்து மில்லிமீட்டர் ஏற்றம், ஆயிரம் கை மாறினாலும் தேயாத மேடு, பெரிய எண். படத்துக்கான இடத்தில் வெள்ளைக் கட்டம். யாரைப் போடுவது என்று அவர்கள் ஐந்து வருஷம்கூடச் சண்டை போடட்டும், அதற்குள் வெட்டுகிற மெஷினில் அளவை மாற்றிவிடலாம்.