மறந்தவரின் துணைவர் யார்?

முதுமையில் வரும் மறதி நோய் பெரும்பாலும் அண்மை நினைவுகளையே முதலில் அழிக்கும்; இளமை நினைவுகளும் அக்காலத்து அச்சங்களும் நெடுநாள் நிற்கும். இதை மனத்திற்கொண்டு, தன்பாலினத்தவரையே துணையாகக் கொண்டு வாழ்ந்த முதியோரின் நிலையை ஆராய்வோமாக.

இங்கிலாந்தில் 1967 வரை ஆணும் ஆணும் உடலுறவு கொள்ளல் சிறைக்குரிய குற்றம். ‘திருத்துகிறோம்’ என்று மருத்துவமனைகளிலேயே சிலருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். பெண்ணை நேசித்த பெண்ணுக்குச் சிறையில்லை. ஆயினும் பெற்ற பிள்ளைகளை இழந்த தாய்மார் உண்டு. 2014 முதல் அங்கு இவர்கள் மணம் புரியவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் நோயுற்றவருக்கு 2014 மறந்து, 1960 மட்டும் நினைவிருக்கலாம். “உம் மனைவி எங்கே?” எனப் பணியாளர் அன்பாகக் கேட்பதும் அவரை ஒளிந்து வாழ்ந்த காலத்திற்கே துரத்திவிடும்.

துணைவரையே மறந்தவருக்கு அவ்வுறவு இனி ஏது எனச் சிலர் வினவக்கூடும். பிள்ளையின் பெயரை மறந்தவளை, ‘இவள் இனித் தாயல்லள்’ என்போமா? அங்ஙனமாயின், நாற்பதாண்டு உடனிருந்து உணவூட்டியவரை மட்டும் ‘நண்பர்தானே, வெளியே நில்லும்’ எனல் எவ்வகை நீதி? ஆலையில் இழை அறுந்தால் அருகிலிருப்பவர் எடுத்து இணைக்கிறார். சமூகப் பணியாளரின் தொண்டும் அத்தகையதே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மயக்கத்தில் அவர் வெளியிட்ட இரகசியத்தைப் பரப்ப நமக்கு உரிமையில்லை. ஒருவரிடம் சொன்னது ஊருக்குச் சொன்னதாகாது. ஆதலின் யார் அறியலாம், யார் உடனிருக்க வேண்டும் என்பதை, நினைவு தெளிவாயிருக்கும்போதே அவரிடம் கேட்டறிதல் கடமை.

நம் நாட்டிலும் இவ்வினா உண்டு. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இத்தகையோரைக் குற்றவாளிகளாக்கிற்று. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2023இல் திருமண உரிமை வழங்க மறுத்தது. ஆயினும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரும் மனநல மருத்துவத்தில் தமக்காகப் பேசும் பிரதிநிதியை வெற்றுத்தாளில் எழுதி, கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமிக்கலாம். அவர் வயது வந்தவராய், எழுத்தில் இசைவு தருபவராய் இருத்தல் வேண்டும். இரத்த உறவினராயிருக்க வேண்டுவதில்லை.

இச்செய்தியை அறியாதோர் பலர். முதியோரிடம் தொண்டு செய்யச் செல்லும் நாம், “உம் மனைவி எங்கே?” என்னாது, “உமக்கு வேண்டியவர் யார்?” என்று கேட்போமாக. அவர் சொல்லும் பெயர் எதுவாயினும், அப்பெயருடையவருக்கு அவர் படுக்கையருகே ஓர் ஆசனம் இடுவோமாக.