துலாதரனின் தராசு

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம். திருப்பதியிலும் சித்தூரிலும் காய்கறி வாங்கப் பையுடன் சென்ற இல்லத்தரசிகள் பலர், தக்காளியின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்த நாட்கள் அவை. ஆந்திர அரசு ரைத்து பஜார்களில் மானிய விலையில் கிலோ 50 ரூபாய்க்குத் தக்காளி வழங்கியது. ஆளுக்கு ஒரு கிலோ என்று அளவு வைத்தார்கள். அந்த ஒரு கிலோவுக்காக மக்கள் வரிசையில் காத்திருந்தனர். சென்னையில் ஜூலை 4 முதல் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. டில்லியில் மத்திய அரசின் கூட்டுறவு அமைப்புகள் 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கின. ஆகஸ்டு மாதத்தில் நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. டில்லிக்காக வாங்கப்பட்ட தக்காளியில் ஒரு பகுதி, திருப்பதியிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள மதனப்பள்ளியிலிருந்தே சென்றது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு வெயிலின் கடுமை சற்றுக் குறைவு. மற்ற இடங்களில் செடி வாடிப் பழம் அற்றுப்போகும் மாதங்களிலும் மதனப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் தக்காளி காய்க்கும். ஆகவே பல மாநிலங்களின் வியாபாரிகள் அங்கே வந்து கூடுவார்கள். அந்த ஜூலை இறுதியில் அங்கு ஏலத்திலேயே முதல் தரப் பழம் கிலோ 200 ரூபாயை நெருங்கியது. விளைகிற மண்ணுக்கு அருகில் வாழ்பவருக்கும் அந்த விளைச்சல் எட்டாமற் போயிற்று.

ஆனால் இந்தக் கதை ஜூலையில் முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விலை சரிந்தது. கர்னூல் பகுதியில் கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்தான் கிடைத்தது. பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல், விளைந்த பழத்தை விவசாயிகள் சாலையோரத்தில் கொட்டினர். ஜூலை மாதத்து விலையைப் பற்றி நாடு முழுவதும் பேசியது. செய்தித்தாள், தொலைக்காட்சி, திருமண வீடு, ரயில் பெட்டி என எங்கும் அதே பேச்சு. செப்டம்பர் மாதத்து விலையைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

இந்த ஏற்ற இறக்கத்திற்கு ஒரு தீயவனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மனத்திற்கு ஆறுதலாக இருக்கும். பதுக்குவோரும் அதிக லாபம் வைப்போரும் இல்லாமல் இல்லை. ஆயினும் முழுக் காரணம் அதுவன்று. பருவம் தவறிய மழை, கடும் வெப்பம், செடியைத் தாக்கிய வைரஸ் நோய்கள் ஆகியவை அந்த ஆண்டு விளைச்சலைக் குறைத்தன. இவற்றோடு ஆண்டுதோறும் சுழலும் ஒரு சக்கரமும் இருக்கிறது. விலை உயர்ந்திருக்கும்போது பல விவசாயிகளும் ஒரே சமயத்தில் தக்காளி நடுகிறார்கள். மூன்று மாதத்தில் எல்லாத் தோட்டங்களும் ஒன்றாகக் காய்க்கின்றன, விலை விழுகிறது. நஷ்டப்பட்டவர்கள் அடுத்த பருவத்தில் நடுவதில்லை. விலை மறுபடி ஏறுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் மொர்டிகாய் எசக்கியேல் 1938ஆம் ஆண்டில் இதைச் சிலந்திவலைத் தேற்றம் என்ற பெயரில் விளக்கினார். வலையில் அகப்பட்டவர் எவரும் வஞ்சகம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் குடும்பத்திற்கு நல்லதென்று நினைத்ததையே செய்கிறார்கள். விளைவு எல்லோரையும் வருத்துகிறது.

அப்படியானால் பொருள் வாங்கும் இல்லறத்தானுக்கு இதில் என்ன தர்மம் இருக்கிறது? விற்பவனின் தர்மத்தைப் பற்றி நம் நூல்கள் நிறையவே பேசியிருக்கின்றன. உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு ஐந்து, அயல்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்குப் பத்து என்று லாபத்திற்கு எல்லை வகுத்தது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். வாங்குவதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. வாங்குபவனைப் பற்றிக் கேட்டால், 'விலை ஏறினால் பொறுத்துக்கொள், ஆசையைக் குறை' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

இந்தப் பதிலில் பாதி உண்மையே இருக்கிறது. துன்பத்தைப் புலம்பாமல் தாங்கும் திதிக்ஷை உயர்ந்த சாதனைதான். ஆனால் அது ஒருவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டிய விரதம். பிறருக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துச்சீட்டு அன்று. கூலி வேலைக்குச் சென்று அன்றாடம் அரிசியும் எண்ணெயும் வாங்கும் குடும்பத்திடம், நிறைந்த சமையலறையில் இருந்துகொண்டு பற்றின்மையைப் போதிப்பது ஆன்மிகம் ஆகாது. விலை இருமடங்கானால் வசதியுள்ள வீட்டில் ஒரு சுவை குறைகிறது. வறிய வீட்டிலோ தாயின் தட்டில் ஒரு வேளை குறைகிறது.

வேறு பதிலுக்கு மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தைப் பார்க்கலாம். பீஷ்மர் யுதிஷ்டிரனுக்குக் கூறும் கதை அது. ஜாஜலி என்ற தபஸ்வி மரம்போல் அசையாமல் நின்று கடுந்தவம் செய்தார். அவருடைய சடைமுடியில் ஒரு குருவி இணை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சுகள் பொரிந்து, வளர்ந்து, பறந்து, மீண்டும் வராமல் போகும் வரை அவர் அசையவில்லை. 'தர்மத்தை அடைந்துவிட்டேன்' என்ற கர்வம் அவருக்கு எழுந்தது. அப்போது, 'தர்மத்தில் வாராணசியின் துலாதரனுக்கு நீ நிகரில்லை' என்று ஒரு குரல் ஒலித்தது.

ஜாஜலி தேடிச் சென்று கண்டது ஒரு கடையை. துலாதரன் சரக்குகளை நிறுத்து விற்றுக்கொண்டிருந்தான். எழுந்து வரவேற்றான், ஜாஜலி சொல்லும் முன்னரே குருவிகளின் கதையைத் தானே சொன்னான். எப்படி இந்த ஞானம் கிட்டியது என்று தபஸ்வி வியந்து கேட்டபோது, தன் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதையே அவன் விளக்கமாகக் கூறினான். பிறரிடம் வாங்கியதை வஞ்சனையின்றி விற்கிறான். எவரிடமும் தனி விருப்போ வெறுப்போ இல்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது நேர்மையான ஒரு வியாபாரியின் கதை. ஆனால் துலாதரன் மேலும் பேசுகிறான். மூக்குக் குத்தப்பட்டு, கட்டப்பட்டு, பாரம் இழுக்கும் எருதுகளைப் பற்றிப் பேசுகிறான். ஏரின் முனையில் மடியும் சிற்றுயிர்களைப் பற்றிப் பேசுகிறான். ஜாஜலிக்கு இது பிடிக்கவில்லை; இப்படி நினைத்தால் உலகம் உண்பது எப்படி என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். உழவையே கைவிடும்படி துலாதரன் சொன்னான் என்று கொள்ள வேண்டியதில்லை. தராசுத் தட்டில் வந்து விழும் தானியத்தைப் பார்க்கும்போதே, அதற்குப் பின்னால் வருந்திய உயிர்களையும் அவன் கண்கள் கண்டன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

தக்காளியை வாங்குபவருக்கு அதன் விலை மட்டுமே தெரிகிறது. பாரத ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் ஏறக்குறைய 33 காசுகளே விவசாயியைச் சென்றடைகின்றன. தக்காளி மட்டுமன்று. 2025 ஜூனில் சித்தூர்ப் பகுதியில் கிளிமூக்கு மாங்காய், அதாவது தோத்தாபுரி, வாங்குவாரின்றித் தேங்கியது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர, அரசு 4 ரூபாய் சேர்த்து, 12 ரூபாயாவது கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பழத்தின் கூழிலிருந்து தயாராகும் பானத்தை நகரங்களில் குடித்தவர்களில் எத்தனை பேர் இதை அறிந்தார்கள்? விலை உயரும்போது கொதிக்கும் மனச்சாட்சி விலை விழும்போது உறங்கினால், அது நியாய உணர்ச்சியா, வெறும் பணப்பையின் வலியா என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

பொருள் கிடைக்காத நாட்களில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் நாடெங்கும் மளிகைக் கடைகளில் கூட்டம் மோதியது. அத்தியாவசியப் பொருள்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று அரசு சொன்ன பிறகும் அச்சம் அடங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைக்குப் பதில் மூன்று பை பருப்பு வாங்கினால், கிடங்கில் இருப்பு இருந்தும் கடையில் அலமாரி காலியாகிவிடும். முன்னதாக வந்தவர் வாங்கிய மூன்றாவது பை, பின்னால் வந்தவருக்குரிய முதல் பை. முன்னவர் கெட்டவர் அல்லர். தம் பிள்ளைகளை நினைத்தார். பின்னவருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

சேமித்து வைப்பதே தவறா? வங்கத்தில் 1864ஆம் ஆண்டில் பஞ்சம் வந்தபோது, ஜெயராம்பாடியில் அன்னை ஸ்ரீ சாரதாதேவியின் தந்தை ராமச்சந்திர முகர்ஜியின் வீட்டில் முந்தைய விளைச்சலின் நெல் சேமிப்பில் இருந்தது. அவர் செல்வந்தர் அல்லர். இருந்தும் அந்த அரிசியில் பருப்புச் சேர்த்துக் கிச்சடி சமைத்து, பசியுடன் வந்தவர்களுக்கெல்லாம் அளித்தார். கொதிக்கும் கிச்சடி ஆறும் வரை பொறுக்க முடியாமல் தவித்தவர்களுக்காகச் சிறுமி சாரதா விசிறி கொண்டு வீசினார். முந்தைய ஆண்டு சேமித்திராவிட்டால் அன்று கொடுப்பதற்கு அங்கே எதுவும் இருந்திராது.

ஆக, சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை அளவில் மட்டும் தேடினால் கிடைக்காது. எந்த நேரத்தில் வாங்கினார், பிறர் கேட்டபோது கதவு திறந்ததா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பொருள் மலிந்து வாங்குவாரின்றிக் கிடக்கும் மாதத்தில் கூடுதலாக வாங்குபவர் தமக்கும் நன்மை செய்கிறார், விளைவித்தவருக்கும் நன்மை செய்கிறார். தட்டுப்பாட்டு நாளில் அதே அளவை வாங்குபவர் இன்னொரு வீட்டின் பங்கை எடுத்துக்கொள்கிறார். பழைய சமையலறைகள் இந்த வேறுபாட்டை ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தன. தக்காளி இல்லாவிட்டால் சமையலே இல்லை என்ற எண்ணம்கூடப் பிற்காலத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த காய் அது. திவசச் சமையலில் இன்றும் அதைச் சேர்க்காத வீடுகள் பல உண்டு. சித்தூர்ச் சீமையிலோ புளிக்குப் பஞ்சமில்லை. புங்கனூர்ப் புளி பெயர்பெற்றது. புளியங்கொழுந்தைப் பருப்புடன் சேர்த்து மசிப்பார்கள், புளிச்சக்கீரையைக் கடைவார்கள். ஜூலையில் ஒரு மாதம் தக்காளியை விட்டுவிட அந்தச் சமையலுக்குத் தெரியும்.

மாசி, பங்குனி மாதங்களில் தக்காளி மலிந்து, வெயிலும் நன்றாகக் காயும்போது, அப்பகுதி வீடுகளில் ஊறுகாய் போடுவது வழக்கம். பழத்தை நறுக்கி, உப்பிட்டு, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்துவார்கள். பிறகு அதைப் புளியுடன் அரைத்து, மிளகாய்ப்பொடி கலந்து, எண்ணெயில் தாளித்து ஜாடியில் அடைப்பார்கள். அதற்காகப் பத்துக் கிலோ வாங்கச் செல்லும் நாளில் சந்தையில் பழம் மலையாகக் குவிந்திருக்கும். விற்பவர் சொல்லும் விலையே மிகக் குறைவாக இருக்கும். அன்று பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். ஆடியில் அடுத்த வீட்டார் கிண்ணத்துடன் வந்தால் அந்த ஜாடியைத் திறக்கலாம்.