கூடாரமும் பீடமும்



ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். அன்னை மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னாவின் திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி வரும் ஞாயிறு இது. ஆனால் இன்று நாம் வாழ்த்த வேண்டியவர்களில் பலர் இங்கே இல்லை. நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே குளிர் இறங்குமுன் வந்துவிடுவார்கள். மகனைப் பார்க்க விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தானே தங்க விடுகிறார்கள்.

சில வீடுகளில் முறை வைத்துப் போகிறீர்கள். மகளின் பேறுகாலத்துக்கு அம்மா போவார். அவர் திரும்புகிற வாரம் மாப்பிள்ளையின் அம்மா போய் இறங்குவார்.   

முதிய வயதில் இப்படிப் பயணம் புறப்பட்டவர்களில் ஆபிரகாமும் ஒருவர். காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. நம் விமானப் பயணிகளின் வயதுதான். அவர் போன இடங்களைத் தொடக்க நூலில் வரிசையாகப் பாருங்கள். செக்கேமில் ஒரு பீடம் கட்டுகிறார். பெத்தேலுக்கு அருகே கூடாரம் அடித்ததும் இன்னொன்று. பிறகு எபிரோனில், மம்ரே மரங்களின் அருகே, மற்றொன்று. நடுவில் பஞ்சம் வந்து எகிப்துக்குப் போகிறாரே, அங்கே பீடம் கட்டியதாகப் பேச்சே இல்லை. அங்கே போகும்போது உயிருக்குப் பயந்து, மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொல்கிறார். கொஞ்ச நாள் பிழைத்துவிட்டுத் திரும்பப் போகிற ஊர், இங்கே பீடம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. எகிப்தை விட்டு வந்ததும், முன்பு பீடம் கட்டிய பெத்தேலுக்கே மறுபடி போய் ஆண்டவரின் பெயரைச் சொல்லி வேண்டுகிறார்.

நம் பெரியவர்களில் சிலருக்கு அந்த ஆறு மாதமும் எகிப்துதான். பெட்டி கட்டும்போது எல்லாம் நினைவிருக்கிறது. 23 கிலோவுக்கு மேல் போகாமல் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, இட்லிப் பொடி, முறுக்கு, ஆறு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் வைக்கிறோம். செபமாலை கைப்பையில் வந்துவிடுகிறது. ஆனால் பிள்ளையின் வீட்டருகே கோயில் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம் ஞாயிறு காலை ஆறு மணிப் பூசை இப்போது நியூ ஜெர்சியில் சனி இரவு எட்டரை. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, கடன் முடிந்தது என்று படுத்துவிடுகிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு அது பெரிய ஆறுதல்தான். நடமாட முடிந்தவருக்கு அது போதாது. நற்கருணை போன் வழியாக வராது.

“சாமி, அங்க பூசை இங்கிலீஷ்ல, ஒண்ணும் விளங்கல” என்கிறீர்கள். உங்களில் 70-ஐத் தாண்டியவர்கள் சிறு வயதில் லத்தீன் பூசையில்தான் முழந்தாள் படியிட்டீர்கள். அப்போது எத்தனை சொல் விளங்கியது? அப்பம் உயர்த்தப்படும் நேரம் உங்களுக்குத் தெரியும். தலை தானாகக் குனியும்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பில், 102-ஆம் சட்டப்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு போய்க் குடியிருந்தாலே அங்கும் உங்களுக்கு இருப்பிடம் உண்டாகிவிடும். 107-ஆம் சட்டப்படி அங்குள்ள பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தை. திரும்பி வரும் எண்ணம் இருக்கும்வரை இங்கும் உங்கள் இடம் போகாது. ஆக உங்களுக்கு இரண்டு சாமியார். இரண்டு பேரிடமும் உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு பேருக்கும் உங்கள்மேல் கடமை உண்டு. நோயில் பூசுதல் வேண்டுமென்றால் அங்கே கூப்பிடத் தயங்காதீர்கள். போனதும் முதல் வாரமே கோயிலில் பெயர் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு நடப்பது இன்னொரு கதை. தூக்கம் சரியாகவே பல நாள் ஆகிறது. பிறகு கண் டாக்டர், பல் டாக்டர், வீட்டு வரி. அதற்குள் அடுத்த பயணத்துப் பொடிக்கு மாடியில் மறுபடி மிளகாய் காய ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், “நாங்க போறவங்கதானே” என்கிறீர்கள். அங்கேயும் விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி என்றால் வருடம் முழுவதும் எந்தச் சபையில் இருக்கிறீர்கள்?

சாவைப் பற்றியும் பேசிவிடுகிறேன். கூடாரத்திலேயே வாழ்ந்த ஆபிரகாம், விலை கொடுத்து வாங்கியதாகத் தொடக்க நூலில் நாம் வாசிக்கும் நிலம் மக்பேலா ஒன்றுதான், மனைவி சாராவை அடக்கம் செய்ய. இனாமாகத் தருகிறேன் என்றார் நிலத்துக்காரர் எப்ரோன். இவர் 400 வெள்ளிக் காசை எடைபோட்டுக் கொடுத்தார். நீங்களும் எங்கே அடக்கம் என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு விமானம் ஏறுங்கள். “அபசகுனமாப் பேசாதீங்கப்பா” என்பார்கள். பரவாயில்லை, பேசுங்கள்.

ஆகஸ்டில் புறப்படுகிறவர்கள் பூசை முடிந்ததும் சக்ரீஸ்திக்கு வாருங்கள். பயண ஆசி தருகிறேன். பிள்ளை குடியிருக்கும் ஊரின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால், பக்கத்துக் கோயில் எது, பூசை எத்தனை மணிக்கு என்று நம் இளைஞர்கள் பார்த்துத் தருவார்கள். திரும்பும் மாதத்தை அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.