பழி யாருக்கு? பொறுப்பு யாருக்கு?

குழந்தை நோயுற்றால், மருந்து என்னவென்று கேட்குமுன், 'யார் செய்த பாவமோ!' என்று பெருமூச்செறிகிறது நமது சமுதாயம். பாவம் என்றதும் பாவியைத் தேட வேண்டுமல்லவா? தேடுகிறார்கள். நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அடுப்பங்கரையிலேயே அகப்பட்டுவிடுகிறாள் ஒருத்தி. அவள்தான் தாய்!

"கேட்டபோதெல்லாம் மிட்டாய் வாங்கித் தந்தாயே!" என்பார் அண்டைவீட்டார். "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத நோய், உன் வழியில் வந்ததுதான்" என்பார் மாமியார். "முன்வினை, அனுபவித்தே தீரவேண்டும்" என்பார் முதியவர். தீர்ப்பளித்துவிட்டு மூவரும் உறங்கச் செல்வர். தீர்ப்புக்கு ஆளானவளோ, நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து, உறங்கும் குழந்தையின் விரல்நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளிக் குருதி எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிறுவரையும் இளைஞரையும் பெரிதும் பற்றும் முதல் வகை நீரிழிவைப் பற்றியே பேசுகிறோம். இதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. கிருமிகளோடு போரிட உடலில் ஒரு காவற்படை உண்டு. அப்படையே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல், குருதியிலே சர்க்கரை பெருகிநின்றும் உடலின் செல்கள் அதனைப் பெறமாட்டாமல் பட்டினி கிடக்கும். நிறைந்த களஞ்சியம், பூட்டிய கதவு, வெளியே பசித்த மக்கள்! மிட்டாயால் வந்த நோயன்று இது. தாயின் கவனக்குறைவால் வந்ததன்று. தொற்றுவதுமன்று. மரபுக்கூற்றிற்கு இதில் பங்குண்டு. ஆயினும், முன்னர் எவருக்குமே இந்நோய் இல்லாத குடும்பங்களில்தான் பெரும்பாலும் தோன்றுகிறது. ஆகவே பாவியைத் தேடும் படலம் இங்கே முடிவடையட்டும். இதில் குற்றவாளி எவருமில்லை.

குற்றவாளி இல்லையென்றால் கடமையும் எவருக்கும் இல்லையா? நாம் எழுப்பும் வினா இதுவே.

1922க்கு முன்னர் இவ்வினாவுக்கே இடமிருக்கவில்லை. நோய் கண்ட குழந்தையின் உணவைக் குறைத்து, எலும்பும் தோலுமாக ஆக்கி, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே அந்நாளைய மருத்துவம். கனடா நாட்டு டொராண்டோ நகரில், 1921இல் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மக்லியோட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றை ஆராய்ந்தனர். 1922 சனவரி 11ஆம் நாள், லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பயன் போதவில்லை. கோலிப் என்பவர் சாற்றைத் தூய்மைப்படுத்தித் தர, சனவரி 23இல் மீண்டும் போட்டனர். சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் தேறினான், மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இவ்வரிய மருந்தின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர் அவ்வறிஞர்கள். அவர்கள் வழிபாடு செய்து வரம் பெற்றவரல்லர். ஆராய்ந்தனர், தவறினர், திருத்தினர், வென்றனர்.

ஆயினும் அறிவியல் தந்தது மருந்தை. அதனை நாள்தோறும், வேளைதோறும், அளவறிந்து குழந்தையிடம் சேர்க்கும் பணி மனிதருடையது. நாளொன்றுக்கு நான்கு ஊசி என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 1,460 ஊசி! எத்தனை இட்டலி உண்பான் என்று கணக்கிட்டு மருந்தின் அளவு வகுக்க வேண்டும். ஓடி விளையாடினால் சர்க்கரை இறங்கும். காய்ச்சல் கண்டால் ஏறும். மருந்தைக் குளிர்ச்சியில் காக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலே நீர் தெளித்த மண்பானை துணைசெய்யும். பண்டிகையில்லை, விடுமுறையில்லை, ஒருநாள் ஓய்வுமில்லை. இத்தனையும் ஒருத்தியின் தோளிலேயே ஏற்றிவைத்துவிட்டு, 'தாய்மை தெய்விகம்' என்று பாடிக்கொண்டிருப்பது அறமாகுமா? பாராட்டுரை, சுமையில் ஒரு குன்றிமணி எடையையேனும் குறைக்குமா?

இடி விழுந்து ஒரு கூரை தீப்பற்றுகிறது. தீ வைத்தவன் எவனுமில்லை. ஆகவே அணைக்க வேண்டியவனும் எவனுமில்லை என்று தெரு வாளாவிருக்குமா? குடம் உள்ளவன் ஓடுகிறான். குற்றத்திலிருந்து பிறப்பது பழி; ஆற்றலிலிருந்து பிறப்பது பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதாலேயே, பழியைச் சுமந்தவள் மீதே பொறுப்பையும் சுமத்தினோம்.

"தீ தன் கூரைக்கும் பரவுமே என்று அஞ்சியல்லவா அவன் ஓடுகிறான்? நீரிழிவு பரவாதே!" என்று கூர்மதியாளர் மறுக்கலாம். மறுப்பு வலிவுடையதே. ஆனால் தன் கூரைக்கு அஞ்சி ஓடுவது தற்காப்பு. தனக்கு வராதென்று தெரிந்தும் ஓடுவதே அறம். நம் நெஞ்சை உரைத்துப் பார்க்க, தொற்றாத நோயே நல்ல உரைகல்!

எங்கே தொடங்குவது? வீட்டிலே, தந்தையிடம். இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைக்கு இன்சுலின் ஊசி போடத் தெரியாதா? வாரத்தில் மூன்று இரவுகள் அவன் விழித்தால், அவள் மூன்று இரவுகள் உறங்குவாள். பாட்டனும் பாட்டியும் அளவு பார்க்கக் கற்கட்டும். வளர வளரக் குழந்தையும் தானே செய்யப் பழகட்டும். ஆனால், பழகிவிட்டான் என்று பத்து வயதிலேயே தனித்து விட்டுவிடுவது பயிற்சியன்று, கைவிடுதல்.

அடுத்தது பள்ளி. இங்கே ஆசிரியர்களாகிய நமக்கே ஒரு சொல் உண்டு. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் குழந்தைக்கு வியர்க்கும், கை நடுங்கும், அறிவு தடுமாறும். அதைக் குறும்பென்று எண்ணிப் பெஞ்சின்மேல் ஏற்றிவிடுவோமாயின், அது கொடுமை. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோசையோ நீரில் கரைத்துத் தந்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்க்க வேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாது, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதனைக் கற்க ஒரு பாடவேளை போதும். "நாங்கள் செவிலியரல்லர்" என்போர்க்குக் கூறுவோம்: தீயணைப்பு வீரராக இல்லாமலே வாளியைத் தூக்குகிறோமே! மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவுள்ள மாணவர் பொதுத்தேர்வுக் கூடத்துக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் நீரும் கொண்டுவர 2017இல் இசைவளித்தது. விதி இளகிவிட்டது, நெஞ்சம் இளக வேண்டாமா?

மற்றுமொன்று. குருதியில் காணும் எண் மதிப்பெண் அன்று. 280 என்று காட்டியதும், "என்ன தின்றாய், திருட்டுத்தனமாக?" என்று சீறினால், மறுநாள் அப்பிள்ளை குறிப்பேட்டில் 140 என்று பொய் எழுதுவான். அந்தப் பொய்யை நம்பி மருந்தளவு வகுப்பார் மருத்துவர்! அச்சுறுத்தும் வீட்டிலே முதலில் சாவது உண்மை; அதன் பின்னே எதற்கு ஆபத்து என்று நாம் சொல்ல வேண்டுமா? எண்ணைக் கண்டால் சினவற்க. அடுத்த செயலை ஆராய்க.

மூன்றாவது, ஊர். "இந்த வேரை அரைத்துக் குடி, ஊசியை நிறுத்து" என்று வாக்களிக்கும் வீணரை நம்பி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே குருதியில் அமிலம் பெருகி, வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டு உயிரே போகும். 'பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் வரன் வராது' என்று அறைக்குள் ஒளித்து ஊசி போடுகிறார்கள். ஒளித்து வைத்த நோய்க்கு உதவி எப்படிக் கிட்டும்? மயங்கி விழும் நாளில் அருகிலிருப்போர் காரணமறியாது திகைப்பர். மணச்சந்தையின் மதிப்புக்காக மகளின் உயிரைப் பணயம் வைப்பதை மானமென்பது எந்த அகராதியில்?

தோழர்களே! மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடுகிறோம், சாடுவோம். அத்துடன், நம் தெருவிலே இப்படியொரு குழந்தை இருக்குமாயின் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோம். ஆறுதல் கூற வேண்டாம். அது அவர்களிடம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. "அளவு பார்ப்பது எப்படி என்று எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள். மருந்து வாங்க மருத்துவமனைக்கு அடுத்த முறை நாங்கள் போய் வருகிறோம்" என்று கேட்போம். விதியென்று கைகட்டி நிற்பவனுக்கும், விதியில்லையென்று முழங்கிவிட்டுக் கைகட்டி நிற்பவனுக்கும் அந்தத் தாயின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைக் காட்ட வேண்டியவை நம் கைகளே.