வாய்தா

ஐப்பசி பிறந்துவிட்டால் மரக்காணம் உப்பளங்கள் பெரிய ஏரி மாதிரி ஆகிவிடும். பாத்தி எது, வரப்பு எது, வாய்க்கால் எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மழை விட்டு, தண்ணீரை வடித்து, சேற்றை மிதித்துக் கெட்டியாக்கி, மறுபடி உப்பு வார ஆரம்பிக்கும்வரை கூலிக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. மளிகைக் கடன், நகைக் கடன் என்று அந்த மாதங்கள் ஓடும்.

போன நவம்பரில் அந்தக் கரை ஒன்றில் நின்றுகொண்டுதான் பெரியப்பா மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அண்ணன் சென்னையில் வக்கீல். கட்டுமான நிறுவனங்கள் பிரதிவாதியாக இருக்கும் வழக்குகளில், அந்த நிறுவனங்களுக்காக ஆஜராகிறவர்.

“தப்பு உங்க கட்சிக்காரர் மேலதான்னு தெரிஞ்சும் எப்படிண்ணே அவருக்காக நிக்கிறீங்க?”

அவர் கோபப்படவில்லை. “தப்புன்னு யாருடா முடிவு பண்ணது? பேப்பர்ல படிச்சியா?” என்றார்.

நான் மௌலிவாக்கத்தைச் சொன்னேன். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். போரூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்தது. 61 பேர் செத்துப்போனார்கள். அதில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்தவர்கள். மின்னல் தாக்கியிருக்கலாம் என்று கட்டியவர்கள் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதில் இன்னும் என்ன விசாரிக்க வேண்டும்?

“நிறைய இருக்கு,” என்றார் அண்ணன். “மண் பரிசோதனை பண்ணவன், டிசைன் போட்டவன், அதைப் பார்த்து அனுமதி குடுத்த அதிகாரி, காசு போட்ட முதலாளி, சைட்ல நின்ன சின்னப் பையன். எல்லாரையும் ஒரே கயித்துல கட்டிடலாமா? நான் இல்லன்னா அந்தச் சின்னப் பையன்தான்டா மாட்டுவான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் மென்பொருளில் ஒன்று உடைந்தால் ‘ஏன் உடைந்தது’ என்று கேட்போம். நீதிமன்றம் ‘யார் பங்கு எவ்வளவு’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு, எதிர்த்து வாதாட ஒரு ஆள் இல்லாமல் சரியான பதில் கிடைக்காது. பாண்டியன் சபையில் கோவலனுக்காகப் பேச ஒரு ஆள் இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. பழிசுமத்தப்பட்டவருக்கு வக்கீல் வேண்டும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் கோவலன் தனி ஆள், எதிரே நின்றது அரசு. இழப்பீட்டு வழக்கில் பலமுறை இது தலைகீழ். பிரதிவாதிதான் பெரியவர்.

ஃபாலி நாரிமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் அவசரநிலை வந்ததும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை விட்டு விலகியவர். குஜராத்தில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது, நர்மதை வழக்கில் அந்த மாநில அரசுக்காக ஆஜராவதை நிறுத்திக்கொண்டவர். 1984 போபால் விஷவாயு வழக்கில் யூனியன் கார்பைடுக்காக வாதாடியவரும் அவர்தான்.

அந்த வழக்கின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். இந்திய நீதிமன்றங்களே இதை விசாரிக்கத் தகுதியானவை என்று கார்பைடு நியூயார்க்கில் வாதிட்டது. 1986 மே மாதம் அங்கே அதை ஏற்று வழக்கை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1987 டிசம்பரில் போபால் மாவட்ட நீதிமன்றம் இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர்நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. கார்பைடு அதையும் எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது. விசாரணை முடியாமல், பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பாகாமல், பணம் கட்டு என்று எப்படிச் சொல்லலாம்? சட்டக் கேள்வியாக இது வலுவானது. நுரையீரல் போனவருக்கோ அது இன்னொரு வருஷம்.

அந்த மேல்முறையீடு நடக்கும்போதே, 1989 பிப்ரவரி 14 அன்று, 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பிற்பாடு இழப்பீட்டுக்குத் தகுதியானவர்கள் என்று ஏற்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். கூடுதல் தொகை கேட்ட மத்திய அரசின் சீராய்வு மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. விபத்து நடந்து 38 வருஷம் கழித்து.

பின்னால் தெரியவந்ததெல்லாம் அப்போதே தெரிந்திருந்தால் அந்த வழக்கை எடுத்திருக்க மாட்டேன் என்று நாரிமன் முதுமையில் சொன்னார். பெரிய மனசு வேண்டும் அதற்கு. ஆனால் என் கேள்வி எடுத்ததைப் பற்றியது இல்லை. கட்டணம் கொடுத்து வருகிறவரின் வழக்கை வக்கீல் ஏற்கத்தான் வேண்டும், தனிக் காரணம் இருந்தால் மறுக்கலாம் என்கிறது பார் கவுன்சில் விதி. எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

பிரதிவாதி மூன்று விதமாகப் பேசலாம். ‘நான் செய்யவில்லை.’ ‘என் பங்கு இவ்வளவுதான்.’ ‘இன்னொரு தேதி கொடுங்கள்.’ முதல் இரண்டும் பொய்யாகவே இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம், மறுக்கலாம். மூன்றாவதில் மறுக்க ஒன்றுமே இல்லை. உடம்பு சரியில்லாமல், ஆவணம் வந்து சேராமல் கேட்கிற வாய்தாவை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் எதிரே நிற்பவர் களைத்துப்போகட்டும் என்று கேட்கிற வாய்தாவுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? உண்மையிலிருந்து இல்லை, சட்டத்திலிருந்தும் இல்லை. எதிராளியால் காத்திருக்க முடியாது என்பதிலிருந்து மட்டும்தான். மூன்று மாத மழைக்கே கடன் வாங்குகிறவரிடம் முப்பது வருஷம் காத்திரு என்பது வாதமே இல்லை.

இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். “வாதி வக்கீல் வாய்தா வாங்கலையா? ஜட்ஜ் லீவ்ல போகலையா? நான் கேக்கலன்னா கட்சிக்காரர் வேற வக்கீல்கிட்ட போயிடுவார்டா.” எல்லாம் உண்மை. இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். அமெரிக்காவில் வாதியின் வக்கீல், ஜெயித்தால் வரும் தொகையில் பங்கு வாங்கிக்கொள்ளலாம், அதனால் ஏழைகளின் கூட்டு வழக்கை நம்பி எடுக்கிறார்கள். இங்கே விதிகள் அதைத் தடுக்கின்றன. பிரதிவாதி தரப்பில் ஒவ்வொரு தேதிக்கும் காசு உண்டு. ஆக அவசரம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

அமைப்பு அப்படி என்பதால் உள்ளே நிற்பவரின் கை சுத்தமாகிவிடுமா? இதை நான் கேட்கவில்லை. என் கையும் நினைவுக்கு வந்தது.

சில வருஷம் முன்னால் எங்கள் மென்பொருளில் ஒரு பிழை. சில சிறு கடைக்காரர்களுக்குச் சேரவேண்டிய பணம் பதினோரு நாள் நின்றுபோனது. பிறகு பைசா குறையாமல் கொடுத்தோம். உள் அறிக்கையை எழுதியது நான். ‘பண இழப்பு எதுவும் இல்லை, தாமதம் மட்டுமே’ என்று எழுதினேன். நஷ்ட ஈடு பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. அண்ணனைப் போன்ற ஒருவர் எழுதிய வரிதான். அந்தப் பதினோரு நாளை அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை.

அதை அவரிடம் சொன்னேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சட்டப்படி நீ எழுதினது சரிதான்டா” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார்.